ஊருக்குப் போகுமுன் திரும்பி வர வழி பாருங்கள்

மலாக்காத் தமிழர் வீடுகளில் ஒரே கூரையின் கீழ் பாட்டி கையில் சிவப்பு அட்டை, மகன் கையில் நீல அட்டை, தமிழ்நாட்டிலிருந்து வந்த மருமகளின் பாஸ்போர்ட்டில் கணவர் பேரில் வாங்கிய பாஸ் என்று இருப்பது சகஜம். திருச்சிக்கு டிக்கெட் எடுக்கும்போது மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரி எடுத்துவிடுகிறோம். போவதில் சிக்கல் வருவது குறைவு, திரும்பி வரும்போதுதான் ஆளுக்கொரு சட்டம். இந்த நாட்டில் தங்க அனுமதி வேறு, வெளியே போய்த் திரும்ப அனுமதி வேறு. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

1. முதலில் அட்டையின் நிறம். நீலம் என்றால் குடிமக்கள், சிவப்பு என்றால் நிரந்தரவாசி, பச்சை என்றால் தற்காலிகவாசி. மலேசிய பாஸ்போர்ட் நீல அட்டைக்கு மட்டுமே. இங்கேயே பால் வெட்டி, இங்கேயே பேரன் பேத்தி எடுத்த பலருக்கு இன்னும் சிவப்பு அட்டைதான். பிறப்பைப் பதியாமல் விட்டது, 1957-க்குப் பிறகு குடியுரிமைக்கு மனுப் போடச் சொல்ல ஆளில்லாமல் போனது என்று காரணங்கள் பல. 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களிடம் வேலை பெர்மிட் கேட்டபோது, சுமார் 60,000 இந்தியர்கள் தோட்டங்களை விட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஒரு துண்டுக் காகிதம் குடும்பத்தையே பிரித்த கதை நம் லயங்களில் நடந்ததுதான். அதனால் அட்டை விஷயத்தில் அசட்டை வேண்டாம்.

2. சிவப்பு அட்டைக்காரர்கள் வெளிநாடு போகுமுன் குடிநுழைவுத் துறையில் மறுநுழைவு பெர்மிட் வாங்கியிருக்க வேண்டும். மலாய் மொழியில் 'பெர்மிட் மாசோக் செமுலா' என்று கேளுங்கள். அது இல்லாமல் போனால், ஐம்பது வருடம் இங்கே வாழ்ந்தவரின் நிரந்தரவாசத் தகுதியே கேள்விக்குறியாகிவிடும். பெர்மிட் எந்தத் தேதி வரை என்று பார்த்து, அதற்குள் திரும்பும்படி டிக்கெட் எடுங்கள். சன்னாசிமலை மாசி மகத்துக்குள் வந்துவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டால் போதாது. சொந்த நாட்டு பாஸ்போர்ட் இல்லாத முதியவர்கள், தங்களுக்கு என்ன பயணப் பத்திரம் கிடைக்கும் என்று ஆயர் குரோவில் உள்ள மாநிலக் குடிநுழைவு அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டுத்தான் பயண ஏஜெண்டிடம் போகவேண்டும்.

3. சமூக வருகையாக வந்து, இங்கே கல்யாணம் பதிந்து, நீண்டகால சமூக வருகை பாஸுக்கு மாறிய மருமகள்களுக்கு: பாஸ் இருக்கும் பக்கத்தைத் திறந்து, பல முறை வந்துபோகும் அனுமதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வந்துபோகலாம் என்ற சலுகை உண்டு. ஆனால் அது விருந்தாளிக்கு, வீட்டு மருமகளுக்கு அல்ல. கே.எல்.ஐ.ஏ. கவுண்டரில் பாஸ் பக்கத்தைத் திறந்தே நீட்டுங்கள். முத்திரை விழுந்ததும் நகராமல் நின்று படியுங்கள். 30 நாள் என்று விழுந்திருந்தால் அங்கேயே, அப்போதே சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்த பிறகு அலைச்சல்தான்.

4. பாஸுக்குப் போட்ட மனு முடிவாகும் வரை கையில் இருப்பது 'பாஸ் காஸ்' எனும் சிறப்பு பாஸ் என்றால் பயணமே வேண்டாம். அது இங்கே தங்கியிருக்க மட்டும் தரப்படுவது.

5. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். தாய் வீடு மதுரைப் பக்கம் என்றால் நிறைய யோசிக்க வேண்டும். ஏழாம் மாதம் போகிறவள் பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகித் திரும்புவதற்குள் பாஸ் காலாவதியாகிவிடலாம். கிளம்புமுன்னே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை அங்கே பிறந்தால், தகப்பன் மலேசியக் குடிமகனாக இருந்தாலும் ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவது பாதுகாப்பு. அதைவிட முக்கியம் கல்யாணப் பதிவு. பெற்றோரின் கல்யாணம் சட்டப்படி பதிவாகாதிருந்தால் பிள்ளை தாயின் குடியுரிமையைத்தான் பின்பற்றும். தாலி கட்டிய படமும் கோவில் ரசீதும் தேசியப் பதிவிலாகாவில் செல்லாது. 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள திருமணச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்தியாவில் நடந்த கல்யாணத்தை 6 மாதத்துக்குள் பதிய வேண்டும். வளைகாப்புக்கு நாள் பார்க்கும் மாமியார்கள் இதற்கும் ஒரு நாள் பார்க்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

6. நீல அட்டை கிடைத்துவிட்டதா? மகிழ்ச்சி. அன்றிலிருந்து இந்திய பாஸ்போர்ட்டில் பயணம் செய்யாதீர்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, மலேசியாவும் ஏற்பதில்லை. 'இன்னும் இரண்டு வருடம் செல்லும், வீணாவானேன்' என்று பழைய பாஸ்போர்ட்டைப் பயன்படுத்துவது இரண்டு பக்கமும் சிக்கலில் கொண்டுபோய் விடும். இந்தியத் தூதரகம் வழியாக அதை ஒப்படைத்து, ஒப்படைத்த சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு மலேசிய பாஸ்போர்ட் எடுத்து, பிறந்த ஊருக்கே விசா வாங்கிப் போகவேண்டும். மனம் கொஞ்சம் வலிக்கும். ஆனால் முறை அதுதான்.

7. பாஸ்போர்ட் புதுப்பித்தால் பழையதை எறியாதீர்கள். பாஸும் பெர்மிட்டும் பழையதில் இருந்தால் புதியதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதுவரை இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். பாஸ்போர்ட்டுக்கு 6 மாதமாவது ஆயுள் இருக்கட்டும்.

8. பெயர். இங்கே பெண்களுக்கு 'ஏ/பி' (இன்னாரின் மகள்) போட்டு அப்பா பெயர், இந்திய பாஸ்போர்ட்டில் வெறும் இனிஷியல் அல்லது கணவர் பெயர். டிக்கெட்டில் இருக்கவேண்டியது பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், எழுத்துக்கு எழுத்து.

9. ஜாசின், மெர்லிமாவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கே நிரந்தரவாசம் பெற்ற பிள்ளைகளுக்கும் இதே விதி உண்டு. சிங்கப்பூரிலும் மறுநுழைவு பெர்மிட் இருக்கிறது. வாராவாரம் பாலம் தாண்டி வீட்டுக்கு வருகிறவர்கள் அது காலாவதியாகும் தேதியைக் கைப்பேசியில் குறித்து வையுங்கள்.

10. கடைசியாக, சாவுச் செய்தி. தம்பி தவறிவிட்டான் என்று வெள்ளிக்கிழமை இரவு ஊரிலிருந்து போன் வந்தால், சனி ஞாயிறு அரசாங்க அலுவலகம் கிடையாது. பெர்மிட் இல்லாத சிவப்பு அட்டைக்காரர் திங்கள் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அங்கே காரியம் முடிந்துவிடும். ஊரில் உடன்பிறந்தவர்கள் இருக்கும் பெரியவர்களுக்கு, பயணத் திட்டம் இல்லாவிட்டாலும் மறுநுழைவு பெர்மிட்டைக் கேட்டு வாங்கி, புதுப்பித்தே வைத்திருங்கள். அவர்களுக்கு மலாய்ப் பாரத்தை நிரப்பத் தெரியாமல் இருக்கலாம். வீட்டில் படித்த பிள்ளைகள் ஒரு நாள் விடுப்பு எடுத்து அவர்களை ஆயர் குரோவுக்கு அழைத்துப் போங்கள்.