பவுண் குறிக்கு முன்னால் நிற்கும் தொப்பி எழுத்து



இலண்டனிலுள்ள மகனோ மருமகளோ கணனி வழியாக அனுப்பிய கணக்குத் தாளொன்றைத் திறந்து பார்க்கிறீர்கள். 500 பவுண் என்றிருக்க வேண்டிய இடத்திலே, £ என்னும் குறிக்கு முன்னால், தலையில் தொப்பி வைத்த ஆங்கில 'ஏ' எழுத்தொன்று வந்து நிற்கிறது. ஜேர்மனியிலிருந்து வந்த தாளானால் யூரோக் குறியையே காணோம். அதற்குப் பதிலாக மூன்று விநோத உருவங்கள். கணனிக்குள் ஏதோ கிருமி புகுந்துவிட்டது என்று சிலர் அஞ்சுவர். யாரோ கணக்கைத் திரித்துவிட்டார் என்று வேறு சிலர் ஐயுறுவர். பெரும்பாலும் இரண்டும் அல்ல. இது எவ்வாறு நேர்கிறது என்பதைச் சற்றுப் பொறுமையுடன் பார்ப்போமானால், பணக் கணக்கிலே எந்தப் பிழைக்கு உண்மையில் அஞ்ச வேண்டும் என்பதும் தெளிவாகும்.

கணனிக்கு எழுத்துத் தெரியாது. எண் மாத்திரமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, அவ்வெண்களையே அது சேமிக்கிறது, அனுப்புகிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று காட்டும் அட்டவணை அனுப்புபவரிடமும் இருக்க வேண்டும், பெறுபவரிடமும் இருக்க வேண்டும். இருவரிடமும் உள்ளது ஒரே அட்டவணையாக இல்லாவிடில் என்ன நடக்கும் என்பதை, பழைய தந்திச் சேவையை அறிந்தவர்கள் எளிதில் ஊகிப்பார்கள்.

அமெரிக்காவில் 1963இல் வெளியான 'ஆஸ்கி' என்னும் அட்டவணையில் இருந்தவை 128 இடங்களே. ஆக்கியோர் அமெரிக்கர், ஆகவே டொலருக்கு 36ஆம் இடம் கிடைத்தது, பவுணுக்கு இடமே இல்லை. பிரித்தானியர் தங்களுக்கென அமைத்த மாற்று அட்டவணையில், 35ஆம் இடத்திலிருந்த இலக்கக் குறியை அகற்றிவிட்டு அங்கே பவுணை இருத்தினர். ஆனால் 1981இல் வந்த பிபிசி மைக்ரோ கணனியோ பவுணை 96ஆம் இடத்தில் வைத்தது. 1982இல் வந்த கொமடோர் 64 கணனி 92ஆம் இடத்தில் வைத்தது. அதே 92ஆம் இடத்தை ஜப்பானியர் தமது யென்னுக்கு எடுத்துக்கொண்டனர். ஓர் எண், ஊருக்கு ஒரு பணம்! இன்றும் ஜப்பானியக் கணனிகள் பலவற்றில், சாய்கோடு வர வேண்டிய இடத்தில் யென் குறி தோன்றுவது இதன் எச்சமே.

பின்னர் 1987இல் 256 இடங்கள் கொண்ட சர்வதேச அட்டவணையொன்று மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கென வந்தது. அதில் பவுண் 163ஆம் இடம் பெற்றது. 164ஆம் இடத்தில், எந்த நாட்டின் பணத்தையும் குறிக்கலாம் என்ற நோக்கத்துடன், நான்கு கைகள் நீட்டிய சிறு வட்டம் ஒன்று வைக்கப்பட்டது. எல்லோருக்கும் பொதுவான குறி யாருக்கும் பயன்படவில்லை என்றே சொல்ல வேண்டும். 1999 சனவரி முதலாந் திகதி யூரோ நாணயம் பிறந்தபோது, திருத்திய சர்வதேச அட்டவணை அந்த வட்டத்தை நீக்கி யூரோவை 164இல் அமர்த்தியது. மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது விண்டோஸ் அட்டவணையிலே யூரோவுக்குக் கொடுத்த இடமோ 128.

இக்குழப்பத்தைத் தீர்க்க எழுந்ததே யுனிக்கோட். உலக மொழிகளின் எழுத்துக்கள், பணக் குறிகள் யாவற்றுக்கும் அதில் தனித்தனி எண் உண்டு. பவுணுக்கு 163, யூரோவுக்கு 8364, இந்தியா 2010இல் ஏற்றுக்கொண்ட புதிய ரூபாய்க் குறிக்கு 8377. நமது பழைய தமிழ் ரூபாய்க் குறிக்கும் 3065 என்னும் எண் இருக்கிறது. ஆயினும் இத்துணைப் பெரிய எண்களை ஒரே பைட்டில் அடக்க முடியாது. எனவே 1992இல் உருவான யூ.ரி.எஃப்-8 முறையில் ஓர் எழுத்து ஒன்று முதல் நான்கு பைட்டுகளாகப் பிரித்து எழுதப்படுகிறது. பவுண் 194, 163 என இரண்டாகப் போகிறது. யூரோ 226, 130, 172 என மூன்றாகப் போகிறது.

இப்போது தொப்பியின் மர்மம் விளங்கும். பெறுபவரின் மென்பொருள் பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக வாசிக்கிறது. அவ்வட்டவணையில் 194 என்பது தொப்பி வைத்த 'ஏ'. 163 என்பது பவுண். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று பைட்டுகள் ஆதலால், தமிழ்க் கடிதமும் இவ்வாறே உருக்குலைந்து வரக் கண்டிருப்பீர்கள்.

இவ்வகைப் பிழை பார்க்க அசிங்கமானது, ஆனால் பாதகமற்றது. எண்கள் அப்படியே இருக்கின்றன, வாசிப்பே தவறு. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அந்தக் கோலத்திலேயே கோப்பை மீண்டும் சேமிக்க வேண்டாம். சேமித்தால் இரண்டு பைட்டுகள் நான்காகும். தொப்பிகள் குட்டி போடும். சேமிக்காமல் மூடிவிட்டு, மறுபடி திறக்கையில் எழுத்துமுறை எது எனக் கேட்கும் இடத்தில் யூ.ரி.எஃப்-8 என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

குறி இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறி நின்றால் நிலைமை வேறு. வழியில் ஏதோ ஒரு மென்பொருள், தன் அட்டவணையில் இடமில்லாத குறியை வீசிவிட்டுக் கேள்விக்குறியை எழுதிவிட்டது. அசல் எண் போனது போனதுதான். திருத்தி மீட்க வழியில்லை.

எனினும் இவை இரண்டும் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும் பிழைகள். யான் அஞ்சுவது மூன்றாவதற்கு. கணனி ஒவ்வொன்றிலும் 'பிரதேச அமைப்பு' என ஒன்றுண்டு. பணக் குறி எது, தசமப் புள்ளி எது என்பதை அதுவே தீர்மானிக்கிறது. எக்செல் கணக்குத் தாளில் சில பண வடிவங்களைத் தெரிவு செய்தால், தாளைத் திறக்கும் கணனியின் அமைப்புக்கேற்பக் குறி மாறும். இலண்டனில் 500 பவுணாக இருந்தது இலங்கை அமைப்புள்ள கணனியிலே 500 ரூபாவாகத் தோன்றும். நாணய மாற்று எதுவும் நடக்கவில்லை. உடை மாத்திரம் மாறிற்று. தொப்பியும் இல்லை, கேள்விக்குறியும் இல்லை. தாள் வெகு சுத்தமாக இருக்கும்! அதுபோலவே ஜேர்மனியர் ஆயிரங்களைப் புள்ளியாலும் தசமத்தைக் காற்புள்ளியாலும் பிரிப்பர். அவர்கள் 1.250 என்றெழுதினால் ஆயிரத்து இருநூற்றைம்பது. பிரித்தானிய அமைப்புள்ள கணனி அதனை ஒன்றேகால் என்றே எடுத்துக்கொள்ளும். கடனோ சீதனமோ காணி விலையோ இத்தகைய தாளை நம்பிப் பேசப்பட்டால், உடன்பிறந்தோரிடையே எழக்கூடிய மனத்தாங்கலைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆதலால் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு எழுதும்போது, தொகைக்குப் பக்கத்தில் குறியை மட்டும் இடாமல், வங்கிகள் வழங்கும் மூன்றெழுத்துச் சுருக்கத்தையும் இடும்படி சொல்லுங்கள். பவுணுக்கு ஜீ.பி.பி., யூரோவுக்கு ஈ.யூ.ஆர்., நமது ரூபாவுக்கு எல்.கே.ஆர். இம்முறையைச் சர்வதேச நியம நிறுவனம் 1978இல் வகுத்தது. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கள் ஆஸ்கி காலந்தொட்டு 65 முதல் 90 வரையுள்ள இடங்களிலேயே இருப்பதனால், மேற்கூறிய குழப்பங்கள் அவற்றைத் தொடுவதில்லை. பெரிய தொகையானால் காசோலையில் எழுதுவது போல எழுத்தாலும் எழுதுவிக்கலாம். கேள்விக்குறியுடன் வந்த தாளை மட்டும், ஊகித்து நிரப்பாமல், அனுப்பியவரிடமே திருப்பிக் கேளுங்கள்.