அழையாத விருந்தாளி

டில்லியில் நேரு பிளேஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் கடைகள் அதிகம். 1990-களில் ஒரு தமிழ்ப் பெண் அங்கே ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். தொழிலாளர்களின் வாரக் கூலியைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது அவள் வேலை.

அன்று 13-ஆம் தேதி. வெள்ளிக்கிழமை. அவள் வாடிய முகத்தோடு வீடு வந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்று தாய் கேட்டாள்.

"கம்ப்யூட்டர்ல வைரஸ் புகுந்திருச்சும்மா. கணக்குப் போடுற புரோகிராமே அழிஞ்சு போச்சு. நாளைக்குக் கூலி நாள்."

"வைரஸா? காய்ச்சல் கிருமியா?"

"இல்லேம்மா. இது மனுஷன் எழுதின புரோகிராம்" என்றாள் மகள். பிறகு விளக்கினாள்.

புரோகிராம் என்பது கம்ப்யூட்டருக்குத் தரும் கட்டளைகளின் தொகுப்பு. நாம் அழைத்தால் அது நினைவகத்துக்கு வரும். வேலை முடிந்ததும் போய்விடும்.

வைரஸ் ஒட்டிய புரோகிராமை அழைத்தால், வைரசும் கூடவே வரும். ஆனால் அது போகாது. கம்ப்யூட்டரை நிறுத்தும்வரை நினைவகத்தில் பதுங்கி இருக்கும். அடுத்து எந்தப் புரோகிராமை அழைத்தாலும், தன்னைப் போல் ஒரு நகலை அதில் ஒட்டிவிடும். பிறகு அதை வழக்கம்போல் வேலை செய்ய விடும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது.

இந்த வைரசின் பெயர் ஜெருசலேம். 1987-இல் ஜெருசலேம் நகரில் கண்டுபிடிக்கப்பட்டது. 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக வந்தால், அன்று அழைக்கும் புரோகிராம்களை இது அழித்துவிடும்.

"நம்ம நாட்டுல இப்படி உண்டா?"

"உண்டும்மா. 1990-இல் ஜோஷி என்ற வைரஸ் இந்தியாவில் தென்பட்டது. அது புரோகிராமில் ஒட்டாது. தட்டின் தொடக்கத்தில் ஒளிந்திருக்கும். ஜனவரி 5-ஆம் தேதி கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதச் சொல்லும்."

"நம்ம கம்ப்யூட்டருக்கு எப்படி வந்துச்சு?"

"யாரோ விளையாட்டு இருந்த பிளாப்பித் தட்டைக் கொண்டுவந்து போட்டாங்க."

"இனி என்ன செய்வே?"

"கம்ப்யூட்டரை நிறுத்தணும். சுத்தமான பிளாப்பியை வெச்சுத் தொடங்கணும். வைரஸ் ஒட்டின புரோகிராமை எல்லாம் நீக்கணும். அசல் புரோகிராம் பீரோவில் பூட்டி வெச்சிருக்கு. அதைத் திரும்ப ஏத்தணும். கணக்கு விவரம் அழியலே."

தாய் சிரித்தாள்.

"விதைநெல்லைத் தனியா வெச்சிருக்கே. பிறகென்ன பயம்? விடியற்காலையிலேயே கிளம்பு. கூலி நிக்கக் கூடாது."

பதில் சொல்லுங்கள்:
1. வைரஸ் எங்கே பதுங்கி இருக்கும்?
2. அது மற்றப் புரோகிராம்களுக்கு எப்படிப் பரவும்?
3. அசலைத் தனியே வைத்ததால் என்ன நன்மை?