சிரத்தையே முதற்செல்வம்



மனிதன் தன் மதிப்பை எதனால் அளந்துகொள்கிறான்? பட்டம், பதவி, பொருள் என்பர் உலகோர். பெற்றவன் தலை நிமிர்கிறான். பெறாதவன் தலை குனிகிறான். பிறப்பின் பெயரால் இழிவுபடுத்தப்பட்டு, அவ்விழிவை உதறித் தம்மத்தைத் தழுவியவர் நாம். சாதி என்னும் பழைய அளவுகோலை எறிந்துவிட்டு, சாதனை என்னும் புதிய அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டோமோ? இதுவே இன்று நாம் ஆராயவேண்டிய பொருளாகும்.

இந்நோயை நாமும் அனுபவித்தோம். நூற்பாலையில் சிறுவனாகப் புகுந்து, மேஸ்திரியாக உயர்ந்தோம். அப்பதவியே நம் உயிர் என்றிருந்தோம். ஆலை மூடப்பட்ட நாளில் பதவி போயிற்று. நம்மைப் பற்றி நாமே கொண்டிருந்த மதிப்பும் உடன் போயிற்று. சில திங்கள் தெருவில் நடக்கவும் நாணினோம். பின்னர் அறவுரை கூறத் தொடங்கியும் அந்நோய் தீர்ந்தபாடில்லை. இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தாவுக்கு ரயிலில் சென்றபோது, உடன் வந்த ஒருவர், “தாங்கள் எதுவரை படித்திருக்கிறீர்கள்?” என்று வினவினார். எட்டாம் வகுப்பு என்று சொல்ல நமக்கு நா எழவில்லை, பேச்சை மாற்றிவிட்டோம். பிறருக்குச் சிரத்தையைப் போதிக்கும் நாம், எளியதோர் உண்மையைக் கூற அஞ்சினோம் அன்றோ?

அந்நகரின் பௌபஜார்ப் பகுதியில் பௌத்த தர்மாங்குர சபையின் விகாரை உள்ளது. அதனை நிறுவிய கிருபாசரண் மகாஸ்தவிரரின் வரலாறு, ரயிலில் நாம் கூறாமல் விட்ட விடையை நமக்குக் கற்பித்தது. அவர் 1865இல் சிட்டகாங் பகுதியிலுள்ள உனைன்பூரா என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பள்ளிக் கல்வி மிகச் சிறிதே. 1886இல் கல்கத்தா வந்தபோது, சொல்லிக்கொள்ளத்தக்க பட்டமும் பொருளும் அவரிடம் இல்லை. எனினும் 1892இல் சபையை நிறுவினார். பிறர் ஈந்த பொருளைச் சிறுகச் சேர்த்து 1903இல் விகாரையை எழுப்பினார். 1908இல் ‘ஜகஜ்ஜோதி’ என்னும் இதழ் அங்கிருந்து தோன்றிற்று. நீதிபதியும் பல்கலைக்கழகத் துணைவேந்தருமாயிருந்த சர் அசுதோஷ் முகர்ஜி அவருக்கு நண்பரானார். அவர் ஆதரவு பெற்ற பேணிமாதவ் பருவா, 1917இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் டி.லிட். பட்டம் பெற்றார். பட்டமில்லாத பிக்கு, பட்டம் பெறுவோரைப் பேணினார்! தம் கல்விக் குறையை எண்ணி அவர் ஒதுங்கி நின்றிருந்தால் இவை நிகழ்ந்திருக்குமா? மும்மணிகளைச் சரணடைந்த உறுதியே அவருக்கு முதலாயிருந்தது. செயல்கள் பின்னரே வந்தன.

“அவர் அரும்பெருஞ் செயல் புரிந்தார், ஒன்றுமே செய்ய இயலாதவன் கதி என்ன?” என்று கேட்பீர்களாயின், சூளபந்தகரை நினைமின். நான்கு திங்கள் முயன்றும் ஒரு பாட்டை மனத்திற் கொள்ள அவரால் இயலவில்லை. உடன்பிறந்த தமையனே, “நீ துறவுக்கு உதவாய்” என்று போகச் சொன்னார். பகவானோ அவரை விலக்கவில்லை. தூய துணி ஒன்றைத் தந்து தேய்க்கச் சொன்னார். துணி கையில் அழுக்கேறக் கண்டு, நிலையாமையை உணர்ந்து, அவர் அருகர் ஆனார். கழிவுப் பஞ்சால் இயந்திரம் துடைத்த நமக்கு இக்கதை மிக நெருங்கியது. கைக்கு எட்டிய வேலையிலேயே மார்க்கம் திறந்திருக்கிறது.

பகவான் அருளிய ஏழு செல்வங்களாவன: சிரத்தை, சீலம், பழிக்கு நாணுதல், பாவத்திற்கு அஞ்சுதல், கேள்வி, ஈகை, ஞானம். நெருப்பும் வெள்ளமும் அரசரும் கள்வரும் இவற்றைக் கவர இயலாது. மூடப்பட்ட ஆலையும் கவர இயலாது என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம். கேள்வி ஐந்தாவதாகவே நிற்க, சிரத்தை முதலில் நிற்பதைக் காண்க. சிரத்தை என்பது கண்மூடி நம்புவதன்று. பகவான் உண்மையைக் கண்டார். அவர் காட்டிய வழியில் நடப்பவர் எவராயினும் அதனைக் காண்பர் என்னும் தெளிந்த உறுதியே அது. ‘எவராயினும்’ என்ற சொல்லில் நீங்களும் அடங்குவீர்கள். எட்டாம் வகுப்போடு நின்றவரும் அடங்குவர்.

இங்கு ஓர் எச்சரிக்கை. பாலி மொழியில் ‘மானம்’ என்பது நாம் போற்றும் தன்மானம் அன்று. பிறரோடு ஒப்பிட்டுத் தன்னை அளக்கும் அகந்தையாம். நான் உயர்ந்தவன் என்பது மட்டுமன்று, நான் சமன் என்பதும், நான் தாழ்ந்தவன் என்பதும் அம்மானமே எனப் பகவான் உரைத்தார். ஆகவே “நாங்கள் பௌத்தர், மற்றவரினும் மேலோர்” என்று பேசுவதும் பிழையே.

அவ்வாறாயின் கல்வியும் முயற்சியும் வேண்டாவோ? வேண்டும். சிரத்தையை அடுத்து வீரியத்தை வைத்தவர் பகவான். நம் பிள்ளைகள் கற்கவேண்டும், உயரவேண்டும். ஆயின் தேர்வில் தோற்று வீடு திரும்பும் பிள்ளையிடம், “உன் மதிப்பு குறைந்தது” என்று எந்தப் பௌத்த இல்லமும் சொல்லலாகாது. சோறிட்டு, அருகமர்த்தி, மறுமுறை முயலச் சொல்லுங்கள். வேலையிழந்து வாயிலில் அமர்ந்திருக்கும் அயலாரை அடுத்த உபோசத நாளில் விகாரைக்கு அழைத்து வாருங்கள்.

கல்கத்தாவிலிருந்து திரும்பும் ரயிலில் வேறொருவர் அதே கேள்வியைக் கேட்டார். “எட்டாம் வகுப்பு, ஆலைத் தொழிலாளி, இப்போது தம்மம் பயில்கிறோம்” என்றோம். நா தடுமாறவில்லை.

எல்லா உயிரும் நலம் பெறுக!