நிலம் ஈந்த நெய்வேலிச் செல்வர்

நெய்வேலி என்றதும் மின்சாரம் நம் நினைவிற்கு வரும். அம்மின்சாரத்தின் பின்னே ஒரு நிலக்கிழாரின் கொடையுள்ளமும் நிற்பதை நாம் அறிந்துகொள்ளுதல் நலம்.

1930-களின் நடுவில், ஜம்புலிங்க முதலியார் நெய்வேலியிலிருந்த தம் நிலத்தில் பாசனத்திற்காகக் கிணறு தோண்டச் செய்தார். நீருடன் கரிய பொருளொன்றும் வெளிவந்தது. கிணறு கெட்டதென்று பிறர் மூடியிருக்கக்கூடும். அவரோ அதனை அரசாங்கத்தாரின் கவனத்திற்குக் கொண்டுசென்றார். பின்னர் நிலவியல் துறையினர் துளையிட்டு ஆராய்ந்தபோது, பழுப்பு நிலக்கரி பெருமளவில் உள்ளமை புலனாயிற்று. முதலியார் 600 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை இப்பணிக்கு ஈந்தார்.

ஆயினும் பலன் உடனே கிட்டவில்லை. கரிப்படுகையின் கீழே நிலத்தடி நீர் பேரழுத்தத்துடன் நின்றது. இடைவிடாது இறைத்து அவ்வழுத்தத்தைத் தணித்தாலன்றிச் சுரங்கம் நிலைக்காது. 1956-இல் நிறுவனம் தோன்றிற்று. 1957-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் கரி வெளிப்பட்டது. 1962-இல் மின்சாரம் பிறந்தது.

இதில் நமக்கு இரு பாடங்கள் உள. நம் ஊர் மண்ணில் புதுமை ஏதேனும் தோன்றின், அதனை மறைக்காமல் அறிந்தோரிடம் காட்டவேண்டும் என்பது ஒன்று. மற்றொன்று நீதி பற்றியது. மனமுவந்து ஈந்தவர் ஒருவர். சுரங்கம் விரிய விரியத் தம் சிறு வயலையும் வீட்டையும் விட்டுப் பெயர்ந்த குடியானவர் பலர். செல்வர்க்குக் கொடை புகழாயிற்று. எளியோர்க்கோ அது பிழைப்பின் இழப்பாயிற்று. வள்ளலைப் போற்றும் நாம், இவர்க்குரிய ஈட்டையும் வேலையையும் குறைவின்றி வழங்கினால்தான் அவ்வொளி அனைவர்க்கும் உரியதாகும்.