மானிட்டரில் பளிச், பிரிண்டில் இருட்டு: ஏன்?

"மானிட்டரில் பளிச்சென்று தெரியும் போட்டோ, பிரிண்ட் போட்டால் இருண்டு விடுகிறதே, ஏன் சார்?" அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

ஆவடி நண்பர் ஒருவர், மறைந்த தன் தந்தையின் படத்தை முதலாண்டு நினைவு நாளுக்காகப் பெரிதாக்கினார். வீட்டில் இருந்தது அந்த ஒரே படம். பிரிண்டில் முகம் கறுத்துப் போயிருந்தது. அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மானிட்டரின் பிரைட்னஸ் 100ல் இருந்தது!

மானிட்டர் தானே ஒளி தருகிறது. காகிதமோ தன் மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. எனவே பிரைட்னஸ் அதிகமானால், இருண்ட படமும் திரையில் நன்றாக இருப்பது போல் தோன்றும். முதலில் மானிட்டரைச் சரி செய்யுங்கள். பிறகு படத்தைத் தொடுங்கள்.

1. மானிட்டரை ஆன் செய்து அரை மணி நேரம் விடுங்கள். நைட் லைட் வசதி இயங்கினால் நிறுத்திவிடுங்கள். அது திரையை மஞ்சளாக்கும்.

2. நோட்பேடில் வெற்றுப் பக்கத்தைத் திறந்து, அருகில் வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஒரே வெளிச்சமாகத் தெரியும் வரை பிரைட்னஸைக் குறையுங்கள்.

3. ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியில் 'கேலிபரேட் டிஸ்ப்ளே கலர்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். விண்டோஸ் 7 முதல் இந்த வசதி உண்டு. காமா, கலர் பேலன்ஸ் என ஒவ்வொன்றாகக் கேட்கும். கலர் பேலன்ஸில் சாம்பல் நிறப் பட்டைகளில் வேறு நிறச் சாயல் இல்லாதபடி ஸ்லைடரை நகர்த்துங்கள். பிரைட்னஸ் பகுதி வந்தால், தாளை வைத்து அமைத்ததை மாற்ற வேண்டாம்.

4. இப்போது படம் இருட்டாகத் தெரிந்தால், வெளிச்சத்தைக் கூட்டி வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். ஒரிஜினல் பத்திரமாக இருக்கட்டும். நிற அமைப்பு எஸ்ஆர்ஜிபி ஆக இருக்கட்டும். 1996ல் எச்பி, மைக்ரோசாப்ட் இரண்டும் சேர்ந்து உருவாக்கிய இதையே பெரும்பாலான கலர் லேப்கள் எதிர்பார்க்கின்றன.

5. முதலில் 4க்கு 6 அங்குலத்தில் ஒரே ஒரு பிரிண்ட் போடுங்கள். 'கலர் கரெக்ஷன் வேண்டாம்' என்று லேபில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் செய்யும் மாற்றமும் சேர்ந்து, எது யாரால் வந்தது என்று தெரியாது. பிரிண்டைப் பகலில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள்.

கண்ணால் செய்யும் கேலிபரேஷன் ஓரளவுக்குத்தான் துல்லியம். போட்டோவே தொழில் என்றால், திரையில் வைத்து நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் கருவி தேவை. வீட்டு உபயோகத்துக்கு மேலே சொன்னவை போதும். சிறிய பிரிண்ட் சரியாக வந்த பிறகே பெரிய பிரிண்டுக்கோ ஆல்பத்துக்கோ ஆர்டர் கொடுங்கள்.