துன்பம் நீங்கக் கேட்கலாமா?

துன்பத்தை மனமுவந்து ஏற்பதே விசுவாசம் என்கிறார்களே, அது நீங்க வேண்டும் என்று ஜெபிப்பது தவறா?

தவறே இல்லை. கெத்செமனே தோட்டத்தில் இயேசு முதலில் வேண்டியதே, துன்பமாகிய அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்றுதான். மத்தேயுவின்படி மூன்று முறை ஜெபித்தார். பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்ததும் அதே ஜெபத்தில்தான். மனதில் உள்ளதை மறைக்காமல் சொல்ல முடிவதே பிதாவின் மேல் உள்ள நம்பிக்கை.

மனமுவந்து ஏற்கும் துன்பத்துக்குப் பெரும்பாலும் இன்னொரு உயிர் காரணமாக இருக்கும். 1941 ஜூலை இறுதியில், அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து ஒரு கைதி தப்பிவிட்டதாகச் சொல்லி, பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்ல நாஜிகள் பொறுக்கி எடுத்தார்கள். அவர்களில் பிரான்சிஷேக் கயோவ்னிச்செக் மனைவி மக்களை நினைத்துக் கதறினார். போலந்துப் பாதிரியார் மாக்சிமிலியன் கோல்பே வரிசையைவிட்டு முன்னே வந்து, அவருக்குப் பதிலாகத் தாம் சாவதாகச் சொன்னார். நிலவறையில் மற்றவர்களோடு ஜெபித்தபடி சுமார் இரண்டு வாரம் உயிரோடிருந்தார். ஆகஸ்ட் 14 அன்று விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள். 1982இல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது கயோவ்னிச்செக்கும் ரோமில் இருந்தார்.

மருந்துக்குத் தீரும் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக் கிடப்பது இதில் சேராது. பவுலோடு ஊழியம் செய்த லூக்காவே வைத்தியர்தான்.