கணினியின் வெப்பம் வெளியேறும் வழி

திருவள்ளூரை அடுத்த காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டை உள்ளது. சரக்கு லாரிகள் கிளப்பும் புழுதியும் கோடை வெயிலும் இங்குள்ள கணினிகளுக்கு இரட்டைச் சோதனை. எங்கள் பள்ளியில் உதிரிபாகங்களை வாங்கி நாங்களே பொருத்திய கணினி ஒன்று உண்டு. செய்முறைப் பயிற்சியின் நடுவே அது அணைந்தால், சேமிக்காத வேலை முழுவதும் வீணாகும். எனவே, அதன் பராமரிப்பையே எட்டாம் வகுப்பு ‘வெப்பம்’ பாடத்துக்கான செயல்பாடாக அமைத்தேன்.

முதலில் ஒரு கேள்வி: “மின்விசிறி காற்றைக் குளிரவைக்கிறதா?” பெரும்பாலோர் ‘ஆம்’ என்பார்கள். ஓடும் விசிறியின் கீழ் வெப்பநிலைமானியை வைத்துப் பார்க்கச் சொல்வேன். அளவு குறையாது. நமக்குக் குளிர்வது வியர்வை ஆவியாவதால். கணினிக்கு வியர்வை இல்லை. அதன் விசிறி வெப்பத்தை இடம் மாற்ற மட்டுமே செய்கிறது.

அந்த வெப்பம் செல்லும் வழியை மாணவர்கள் படமாக வரைவார்கள்.

செயலி: 65 வாட் செயலி முழு வேலையில் எடுக்கும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகிறது. பல செயலிகள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வேகத்தைத் தாமே குறைக்கும். அதையும் மீறினால் கணினி அணைந்துவிடும்.

வெப்பப் பசை: செயலிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத காற்று இடைவெளிகள் உண்டு. அலுமினியம் காற்றைவிட ஏறத்தாழ 9,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். இடைவெளிகளை நிரப்பவே பசை. பட்டாணி அளவு போதும். பசையும் உலோகத்தைவிடக் குறைவாகவே கடத்துவதால், அதிகம் பூசினால் நன்மை இல்லை. இது வெப்பக்கடத்தல்.

தகடுகளும் விசிறியும்: முன்புறம் காற்று உள்ளே வர வேண்டும், பின்புறம் வெளியேற வேண்டும். தகடுகளுக்கிடையே தூசி அடைத்தால் காற்று புகாது. இது வெப்பச்சலனம்.

அடுத்து அளவீடு. கணினி அரை மணி நேரம் ஓடியபின் மறுதொடக்கம் செய்து, பயாஸ் திரையில் செயலியின் வெப்பநிலையைக் குறிக்கிறோம். அதிலிருந்து அறை வெப்பநிலையைக் கழிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 28 டிகிரி அறையில் 58, 38 டிகிரி அறையில் 68 என்றால் இரண்டிலும் வேறுபாடு 30 தான். கணினியில் கோளாறு இல்லை, வெயில்தான் கூடியிருக்கிறது. வேறுபாடு 40 ஆக உயர்ந்தால் வழியில் எங்கோ அடைப்பு.

கவனிக்க வேண்டியவை:

1. மின்இணைப்பை முழுவதும் துண்டித்த பின்னரே பெட்டியைத் திறக்கவும். ஆசிரியர் உடனிருக்க வேண்டும்.
2. மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது. இணைப்பைத் துண்டித்த பிறகும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கும்.
3. பாகங்களைத் தொடுமுன் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னூட்டத்தை நீக்கவும்.
4. தூசியை வராந்தாவில் வைத்து ஊதவும். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளவும். ஈரத்துணி வேண்டாம்.
5. கணினி ஓடும்போது தூசி உறை போடக் கூடாது. சுவரை ஒட்டியும் வைக்கக் கூடாது.
6. உத்தரவாதத்திலோ பராமரிப்பு ஒப்பந்தத்திலோ உள்ள ஆய்வகக் கணினிகளை நாம் திறக்கக் கூடாது.

எவ்வளவு பெரிய விசிறியாலும் செயலியை அறை வெப்பநிலைக்குக் கீழே இறக்க முடியாது. ஆகவே, மே மாதத்தில் எதிரெதிர் சன்னல்களைத் திறந்து வைப்பதும் கணினிப் பராமரிப்புதான். அதற்குச் செலவில்லை, பொறுப்பேற்க இரண்டு மாணவர்கள் போதும்.